பேசாமல் இருந்த பதினான்கு நாட்கள்

என் பாக்கியம் அக்காவுக்கு,

இறந்தவர்களிடம் பேசுவது பாவம் என்று நாம் இருந்த ஜெப இல்லத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் அனுமந்தன்பட்டி வீட்டில் அப்படி இல்லை. கல்லறைத் திருநாளன்று அம்மா, அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சண்டை என்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுவாள். இல்லத்தில் சேர்ந்த பிறகு அதை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். இன்று நானும் அப்படித்தான் உன்னிடம் பேச உட்கார்ந்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோது பேசாதவள் இப்போது எதற்குப் பேசுகிறாள் என்று நினைப்பாயா?

நாலு பேர் படிக்கும்படிதான் எழுதுகிறேன். இதில் உனக்குத் தெரியாதது அதிகம் இல்லை. மற்றவர்களுக்குத்தான் தெரியாது.

உத்தமபாளையத்துக்கு மேற்கே, திராட்சைத் தோட்டங்கள் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் இருந்தது இல்லம். முப்பது பேர் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிட்டு, வேதம் படித்து, தோட்ட வேலை பார்த்து வாழ்ந்தோம். நான் கல்லூரி முடித்த கையோடு ஊழியத்துக்கு என்று வந்தவள். நீ ஆண்டிபட்டியிலிருந்து, புருஷன் விட்டுப் போன பிறகு, பன்னிரண்டு வயது ஜெனியை உன் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்தாய். நம் இருவருக்கும் ஒரே அறை. உனக்கு எழுத்து சொல்லித்தருகிற வேலையும் எனக்கே வந்தது.

நீ எழுத்தைப் பிடிக்க ஒரு வருடம் ஆயிற்று. தேனி பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் நின்றுகொண்டிருந்தபோது, எதிரே வந்து நின்ற பஸ்ஸின் பலகையை நீயாகவே எழுத்துக்கூட்டிப் படித்தாய். "ஏத்தா, எங்க ஊரு பேரு இம்புட்டு நீளமா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். பிறகு அதே இடத்தில் அழுதாய். அந்த இல்லத்தில் நல்லதும் நடந்தது அக்கா. அதை மறைத்து எழுதினால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

அண்ணன் என்று நாம் எல்லாரும் கூப்பிட்டவரைப் பற்றியும் அப்படித்தான். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு இல்லத்தைத் தொடங்கியவர். நாம் குடித்த கஞ்சியைத்தான் அவரும் குடித்தார். கழிவறை கழுவும் முறை வந்தால் கழுவினார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் நமக்குச் சுலபமாக இருந்திருக்கும். நம்பிக்கையுள்ள மனிதராக இருந்ததால்தான் அவர் சொன்னதை நாம் யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலைக் கூட்டம் நினைவிருக்கிறதா? அவரவர் குற்றத்தை அவரவர் சொல்ல வேண்டும். பிறகு, அன்பினால் மற்றவர் குற்றத்தையும் சொல்லலாம்.

அந்த வாரம் சமையல்கட்டுக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். போன் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது இல்லத்தின் சட்டம். நீ ஒன்றை ஒளித்து வைத்திருந்தாய். ஞாயிறுதோறும் மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் போய் ஜெனியோடு பேசுவதாகச் சொன்னாய். அடுத்த மாதம் தேனியில் ஒரு அறை பிடித்து அவளோடு இருக்கப் போவதாகவும், அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னாய்.

"இங்கன ஒரு குறையும் இல்ல தங்கச்சி. ஆனா எம்பிள்ள எனக்கு வேணும்ல? நேரம் வரும்போது அண்ணன்ட்ட நானே சொல்லிக்கிருதேன். நீ வாயத் தொறந்துராத."

சரி என்று தலையாட்டினேன். சனிக்கிழமை எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. நீ போய்விடுவாய் என்று பயந்தேன். அந்த அறையில் நீ இல்லாமல் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, இருபத்தொரு நாள் என்றார். யாரும் உன்னோடு பேசக் கூடாது, நீயும் பேசக் கூடாது, கடவுளோடு மட்டும் பேச வேண்டும். நீ கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது.

"இருபத்தோரு நாளுதானண்ணே? இருந்து முடிச்சிட்டு ஒங்க ஆசீர்வாதத்தோடயே போறேன்" என்றாய். என் பக்கம் ஒரு தடவை பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்தது. மழை பெய்து ஓய்ந்த சமயம், பள்ளத்தாக்கு முழுக்கவே வீட்டுக்கொருவர் படுத்திருந்தார்கள். "ஸ்டெல்லா, ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி முறிக்குதுடி" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. நேராக அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"மாத்திரை குடும்மா, கஞ்சி குடு. பேச மட்டும் வேண்டாம். பாதியில விட்டா அவளுக்குத்தான் நஷ்டம்" என்றார்.

கொடுத்தேன். ஈரத்துணி போட்டேன், கால் அமுக்கிவிட்டேன். எல்லாம் செய்தேன், வாயை மட்டும் திறக்கவில்லை. எங்கே வலிக்கிறது, மூத்திரம் போனாயா, தலை சுற்றுகிறதா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஜெபம் கேட்கப்பட்டது என்று முழங்காலில் நின்று நன்றி சொன்னேன்.

பதிமூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாய். இரண்டு முறை வாந்தி எடுத்தாய். "மணி என்னாச்சு?" என்று கேட்டாய். நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

இரண்டு விரல், அக்கா. அதைச் செய்த கை இதுதான், இதை எழுதுகிற கை.

பதினான்காம் நாள் விடிந்து பார்த்தபோது உன் ஈறெல்லாம் ரத்தம். கையும் காலும் சில்லிட்டிருந்தன. அப்போதுதான் என் வாய் திறந்தது. "அக்கா! அக்கா, என்ன செய்யுது?" என்று கத்தினேன். நீ கண்ணைத் திறந்து, விரலைத் தூக்கி என் உதட்டில் வைத்தாய்.

"பேசாத. ஒனக்கும் நாள் போட்டுருவாக."

நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரின் ஜீப்பில் தேனிக்குக் கொண்டுபோனோம். அண்ணன் உன் தலையை மடியில் வைத்திருந்தார். வழி முழுக்க அவர் வாயிலிருந்து ஜெபம்கூட வரவில்லை. "ரெண்டு நாளைக்கு முன்னாடி கூட்டியாந்திருக்கக் கூடாதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். மறுநாள் மதியத்துக்குள் நீ போய்விட்டாய்.

ஜெனி பள்ளிக்கூடச் சீருடையிலேயே வந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். பொய் இல்லையே. அதனால் சொல்வது சுலபமாக இருந்தது.

அதன் பிறகு இல்லத்தில் யாருக்கும் மௌனம் விதிக்கப்படவில்லை. ஏன் நிறுத்தினார் என்று அண்ணன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒருநாள் தண்ணீர்த் தொட்டியருகே என்னை நிறுத்தி, "நான் செஞ்சது தப்பாம்மா?" என்றார். "நம்ம செஞ்சது, அண்ணே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். எட்டு மாதம் கழித்து நானும் வெளியே வந்துவிட்டேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். ரொம்ப மெலிந்துவிட்டார் என்கிறார்கள்.

நான் இப்போது போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கொட்டகையில் வேலை பார்க்கிறேன். நாற்பது பெண்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓயாத பேச்சு. முதல் மாதம் அந்தச் சத்தத்தில் எனக்குத் தலை வலித்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டின் அமைதி பயமாக இருக்கிறது. ஜெபிக்கிறேனா என்று கேட்பாய். சில நாள் முழங்கால் போடுகிறேன். வார்த்தை வருவதில்லை.

ஜெனி வளர்ந்துவிட்டாள் அக்கா. மதுரையில் நர்சிங் படிக்கிறாள். உன்னைப் போலவே வேகவேகமாகப் பேசுகிறாள். மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்வாள். போன வாரம் செய்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"சித்தி, இன்னைக்கு டெங்கு பத்திப் பாடம் எடுத்தாக. காய்ச்சல் எறங்குற நேரத்துலதான் ரொம்பக் கவனமா இருக்கணுமாம். வயித்து வலி, வாந்தின்னா ஒடனே தூக்கிட்டுப் போகணுமாம். அம்மா கூட அப்ப யாரு இருந்தா?"

"நான்தான்டா" என்றேன்.

"அப்ப அம்மா ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா? நீங்க கேக்கலையா சித்தி?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அவள் நம்பவில்லை. வருகிற ஞாயிறு பஸ் ஏறி வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறாள்.

நான்கு வருடமாக அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவதைத் திருடித்தான் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சோறு போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். சாப்பிட்ட பிறகு சொன்னால், என் கையால் சாப்பிட்டோமே என்று அவள் வருந்துவாள். அண்ணன் சொன்னார் என்று தொடங்க மாட்டேன். உன்னைக் காட்டிக்கொடுத்தவள் நான் என்று தொடங்குவேன். நீ இல்லத்தை விட்டுக் கிளம்ப இருந்தது அவளுக்காகத்தான் என்பதையும் சொல்வேன். அது அவளுக்கு யாரும் இதுவரை சொல்லாத செய்தி. அவள் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்வேன். எழுந்து போனால் பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போய், அவள் ஏறி உட்காரும் வரை நிற்பேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

நீ உயிர் போகிற நேரத்திலும் காப்பாற்றப் பார்த்த,
உன் தங்கச்சி
ஸ்டெல்லா