பிள்ளைக்கு வெயில் கேட்டு அண்ணாச்சிக்கு

தி. நகர், 1972

என் உயிரான அண்ணாச்சிக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. அழுகையெல்லாம் ஓய்ந்து இப்போது கோபம்தான் மிச்சம். உயிரோடு இருக்கிற அண்ணனோடு சண்டை போடலாம். படத்துக்குள் உட்கார்ந்து சிரிக்கிற அண்ணனை என்ன செய்வது?

உங்கள் மகள் வள்ளிக்கு இந்த மழைக்கும் நெஞ்சுச் சளி. போன மழையைவிட மோசம். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா உள்ளே போனது. நானும் மதினியும் ரிக்‌ஷா பிடித்து ஓடினோம். டாக்டர் ஊசி போட்டுச் சளியை இறக்கினார். அப்புறம் அவளை நிற்க வைத்துக் காலைப் பார்த்தார். மூன்று வயதில் இரண்டு காலும் வளைந்திருக்கிறது, அண்ணாச்சி.

"கொழந்தைய வெயில்லயே விடறதில்லையா? விட்டமின் டி இல்லாம எலும்பு வளைஞ்சிருக்கு, நெஞ்சுக்கூட்டுல பலமே இல்ல. அதான் சளி பிடிச்சா நிமோனியா வரை போகுது. மழைக்கு மழை ஊசி போட்டுட்டே இருப்பீங்களா?" என்று கடிந்துகொண்டார்.

மீன் எண்ணெய் கொடுக்கச் சொன்னார். சைவ வீடாயிற்றே, அந்தப் பாட்டிலை மதினி வாசற்படி தாண்ட விடவில்லை. சரி, மாம்பலத்தில் வெயிலுக்கா பஞ்சம்? மழை விட்டதும் பிள்ளையை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். மதினி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

"பொம்பளப் பிள்ள கறுத்துரும், வெயில்ல காட்டாதன்னு அவுக சொன்னாகள்லா? அவுக போனதும் நான் மீறணுமோ?"

ஐயோ அண்ணாச்சி! ஜவுளிக்கடைக்காரர் புத்தி உங்களுக்கு. வெயிலில் பட்டு வெளுக்கிறதென்று கடைக்குப் படுதா கட்டினீர்கள், நியாயம். மேலே வீட்டு ஜன்னலுக்கும் ஏன் கட்டினீர்கள்? பிள்ளை என்ன சேலையா? நீங்கள் இருந்தவரை மதினி உங்கள் பேச்சில் ஒன்றையாவது கேட்டதுண்டா? போன பிறகு எல்லாம் வேதவாக்கு. நல்ல கூத்து!

கடைசியில் மதினியே ஒரு வழி சொன்னார். "அவுககிட்டயே கேட்டுருவோம். பூக்கட்டிப் பாப்போம்." ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் உங்களுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் பேச்சே கிடையாது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டர் சொன்னதற்கு மேல் பூ என்ன சொல்லப் போகிறது?

மதினியே கட்டி உங்கள் படத்தின் முன்னால் வைத்தார். வள்ளி ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை. "அவுகளே சொல்லிட்டாக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மதினி பிள்ளையைத் தூக்கி மாடி ஏறினார்.

மிச்சமிருந்த பொட்டலத்தைக் குப்பையில் போட எடுத்தேன். கட்டு அவிழ்ந்தது. அதிலும் வெள்ளைதான்.

நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நீங்களும் மதினியின் கனவில் வந்து எதையாவது உளறித் தொலைக்காதீர்கள். தினமும் வள்ளியை மாடிக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு. அடுத்த மழையில் அவளை மூச்சுக்குத் திணற விடமாட்டேன், சத்தியம். உங்கள் பேச்சையும் தட்டாமல், பிள்ளையையும் விடாமல் தவிக்கிற இந்த மனுஷியை விட்டுப் போக உங்களுக்கு எப்படி அண்ணாச்சி மனசு வந்தது?

உங்கள் மகளோடு மாடி வெயிலில் காய்கிற தங்கை,
செண்பகம்