கிணற்றுச் சுவரில் நீங்கள் காட்டிய மணல்

என் சாமிக்கு,

நீங்கள் போய் ஆறு வருடம் ஆகிறது. நல்ல சேதியாக எழுத ஆசைதான், இல்லையே. மேட்டில் நீங்கள் கட்டிய வீடு இப்போது இல்லை. அதைப் பிரித்து, ஆற்றோரம் கிணற்றுக்குப் பக்கத்திலேயே நம் பிள்ளை முருகேசன் புது வீடு கட்டிவிட்டான்.

கிணறு வெட்டிய வருஷம் என்னை உள்ளே இறக்கிக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? சுவரில் ஒரு முழத்துக்கு ஆற்று மணல், அதற்குமேல் கனத்த செம்மண், மறுபடியும் மணல். "மணலு வெள்ளம் வந்த காலம் புள்ள. நடுவுல இருக்கற செம்மண்ணு ஆறு இந்தப் பக்கமே வராத காலம். எத்தன தலைமுறை காஞ்சாலும் அது திரும்ப வரும். வூடு மேட்டுலதான்" என்றீர்கள்.

உங்களுக்குப் பிறகு மழை பொய்த்து, ஆற்றில் ஆடு மேய்ந்தது. கிணற்றில் மோட்டார் போடுகிற அளவுக்குத் தண்ணீர் ஏது? ஊறுகிற நாலு குடத்தை மேட்டுக்குத் தூக்கியே என் முழங்கால் போயிற்று. "முடியலடா, கீழயே ஒரு வூடு கட்டு" என்று கேட்டது நான்தான்.

செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியபோது அதே மணல் வந்தது. "அம்மா, பூச்சுக்கு மணலு வாங்கற வேலையே இல்ல!" என்று குதித்தான். அதையே சலித்துச் சுவருக்குப் பூசினான். நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது, ஆனாலும் அவனிடம் மறைத்துவிட்டேன். சொன்னால் வேலை நின்றுவிடுமே, மறுபடி குடம் தூக்க வேண்டுமே! பாவி நான்.

இந்த ஐப்பசியில் சித்தேரி மலையில் விடாத மழை. ஆறு கரையைத் தொட்டு ஓடுகிறது. மேட்டுக்குப் போய்விடலாம் என்று நேற்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "இத்தன வருஷம் செத்துக் கெடந்த ஆறும்மா, ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். ஊரே சந்தோஷமா இருக்கு, நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்கிறான்.

எங்கே போவது? மேட்டு வீட்டு நிலை, ஜன்னல், ஓடு எல்லாம் இந்த வீட்டில்தான் இருக்கின்றன. எலிப்பொறிக்குள் நானே பிள்ளையையும் பேத்தியையும் கூட்டி வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். நாளைக் காலையில் மறைத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிடுவேன். கத்தட்டும். கேட்காவிட்டால் ஒரு தார்ப்பாயை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுவேன். பெற்றவளை மழையில் தனியே விட்டுவிட்டு உங்கள் பிள்ளைக்குச் சோறு இறங்காது. என்னைத் திட்டிக்கொண்டேயாவது பேத்தியைத் தூக்கிக்கொண்டு மேலே வருவான். வரும்வரை நான் இறங்கமாட்டேன்.

உங்கள் வூட்டுக்காரி,
சரசு