பத்து நாள், ஞாயிறு நீங்கலாக

நியூயார்க்,
9 மார்ச் 1789

அன்பு மனைவி மெஹிட்டபெல்லுக்கு,

நலம். புது அரசாங்கம் இன்னும் தொடங்கவில்லை. செனட் கூடுவதற்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். வந்திருப்பது எட்டுப் பேர். தினமும் காலையில் கூடி, எண்ணிப் பார்த்து, கலைகிறோம். பொறுப்பு மிகுந்த வேலை.

நம் மகள் கெசையாவை அந்தப் பீப்பாய் செய்கிற ஆசகேலுக்குக் கொடுக்க முடியாது. ஊர்க்கூட்டத்தில் அரசியலமைப்புக்கு எதிராகக் கை தூக்கியவன். நம் வீட்டுக்கு நான் குடியரசுத் தலைவர் மாதிரி. என் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. அரசியலமைப்பின் அச்சுப் பிரதி அனுப்பியிருக்கிறேன். எல்லோருக்கும் வாசித்துக் காட்டு.

உன் கணவன்,
ஒபதியா டட்டில், செனட்டர்

ஹார்லோ ஹில்,
18 மார்ச்

மாண்புமிகு செனட்டர் அவர்களுக்கு,

வாசித்துக் காட்டினேன். உங்கள் தங்கை டெம்பரன்ஸ், "அண்ணன் அங்க என்னதான் பண்றாரு?" என்றாள்.

"ஆள எண்ணுறாரு."

"எண்ணிட்டு?"

"சாப்பிடப் போறாரு."

"அதுக்கு நம்ம கெசையாவ அனுப்பியிருக்கலாமே அண்ணி. அவளுக்கும் எட்டு வரைக்கும் எண்ணத் தெரியும்."

மேற்கே ஒஹையோவில் புதிதாகக் குடியேறப் போகிறவர்களின் வண்டிகள் ஏப்ரல் பத்தாம் தேதி கிளம்புகின்றன. ஆசகேலுக்கு அங்கே நிலம் ஒதுக்கியாயிற்று. கல்யாணம் அதற்குள் நடந்தாக வேண்டும். ஆகவே வீட்டில் சபை கூடியது. உங்களைத் தவிர எல்லோரும் வந்திருந்தோம். கல்யாண மசோதா நிறைவேறிற்று, கையெழுத்துக்கு இத்துடன் அனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் காரணம் எழுதித் திருப்பலாம். பத்து நாள், ஞாயிறு நீங்கலாக. அதற்குள் திருப்பாவிட்டால் கையெழுத்தில்லாமலே சட்டமாகிவிடும். நீங்கள் அனுப்பிய பிரதியில்தான் இருக்கிறது.

மெஹிட்டபெல்

நியூயார்க்,
6 ஏப்ரல்

மெஹிட்டபெல்,

உன் கடிதம் 25ஆம் தேதியே வந்தது. நாற்காலிகளை எப்படிப் போடுவது என்ற விவாதத்தில் பதில் எழுத நேரமில்லை. பன்னிரண்டாமவர் இன்று வந்துவிட்டார். அரசாங்கம் தொடங்கிவிட்டது!

மசோதாவை நிராகரிக்கிறேன். காரணம்: பீப்பாய்க்காரன் ஒரு செனட்டருக்கு மருமகனாக முடியாது. மேலும், அந்தப் பத்து நாள் விதி குடியரசுத் தலைவருக்குத்தான். எனக்குப் பொருந்தாது.

ஒபதியா டட்டில், செனட்டர்

ஹார்லோ ஹில்,
14 ஏப்ரல்

மாண்புமிகு செனட்டர் அவர்களுக்கு,

அரசாங்கம் தொடங்கியதற்கு வாழ்த்துகள். 25ஆம் தேதியிலிருந்து எண்ணினால், உங்கள் பத்து நாளும் அதே ஆறாம் தேதி முடிந்தது. பெரிய பதவியாயிற்றே என்று மேலும் இரண்டு நாள் பொறுத்தோம். ஒன்பதாம் தேதி கல்யாணம். பத்தாம் தேதி வண்டி.

உங்கள் நிராகரிப்பு நேற்று வந்தது. சபையில் வாசித்தேன். டெம்பரன்ஸ் மறுபடி வாசிக்கச் சொன்னாள். சிரிப்பில் பாதி காதில் விழவில்லையாம்.

வண்டி ஏறும்போது கெசையா, "அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போறேனேம்மா" என்று அழுதாள்.

"ஒஹையோ இன்னும் மாநிலமே ஆகலடி. அங்க செனட்டரே கிடையாது" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

மெஹிட்டபெல்