மஞ்சள் முக்கோணமும் உன் கைவேலையும்

அன்புள்ள வாண்டுக்கு,

இங்கே மூவரும் சுகம். உனக்குத் தலைவலி வந்தால் மட்டும் நீயாகப் போன் செய்வாய், பத்து நாளாய்ச் சத்தமே இல்லை, ஆகவே நீயும் சுகம் என்று முடிவுகட்டிக்கொண்டேன். முப்பத்தாறு வயதுக்காரியை இன்னும் வாண்டு என்று எழுதலாமா என்று உன் அப்பா கேட்டார். எழுதலாம். நீ செய்து வைத்துவிட்டுப் போயிருக்கும் காரியத்தைக் கேட்டால் அவருக்கே அதில் சந்தேகம் வராது. இதைப் போனில் சொன்னால் பாதியில் புகுந்து 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா' என்பாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் கடிதம்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நாலு மாதமாக உனக்குத் தெரியாமல் ஒன்று படித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருடம் கோர்ட்டில் வக்கீல்கள் பேசியதையெல்லாம் தட்டித் தட்டி ஓய்வு பெற்றவள், இனி வீட்டிலிருந்தபடியே காது கேளாதவர்களுக்காகத் தட்டலாம் என்று கிளம்பினேன். எங்கோ ஆஸ்பத்திரியிலோ கூட்டத்திலோ ஒருவர் பேசப் பேச, நான் இங்கே கேட்டு உடனுக்குடன் தட்டினால் அங்கே திரையில் எழுத்தாக ஓடும். தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். போன வருடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, 'ரிட்டயர் ஆயாச்சு, நிம்மதியா டிவி பாருங்கம்மா' என்றாய். அதனால் தேறினால் சொல்வது, தேறாவிட்டால் டிவி பார்ப்பது என்று வாயை மூடிக்கொண்டேன். உன் பெரியம்மாவிடமும் மூச்சு விடவில்லை. அவள் நம்மோடு வந்து தங்கியபோது பாதியாவது கேட்ட காது, இந்த மூன்று வருடத்தில் அநேகமாகக் கடையைச் சாத்திவிட்டது. காதில் மாட்டும் மெஷின் தட்டு உருளும் சத்தத்தைத்தான் பிரமாதமாகப் பிடிக்கிறதாம், மனிதர் பேச்சை விட்டுவிடுகிறதாம். சாப்பாட்டு மேஜையில் நாங்கள் சிரித்தால் அவளும் சிரிப்பாள், எங்கள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிட எனக்கு முடியவில்லை. காரணம் அவ்வளவுதான், பெரிய லட்சியமெல்லாம் இல்லை.

தேர்வு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. வைஃபை கூடாது, கேபிள் செருகித்தான் உட்கார வேண்டும், நடுவில் இரண்டு நிமிடம் இணைப்பு அறுந்தால் ஆறு மாதம் கழித்து வா என்று கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். சரியாக அந்த வாரம் திங்கட்கிழமை நம் பழைய ரூட்டர் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டது. இணைப்புக் கம்பெனி ஆள் வந்து புதிதாக ஒன்றை மாட்டினார். போனில் வைஃபை வருகிறதா என்று பார்த்தார், வந்தது, 'எல்லாம் ஓகேம்மா' என்று போய்விட்டார். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்காக லேப்டாப்பில் கேபிளைச் செருகினால் திரை மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம், பக்கத்தில் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று. என் வீட்டில் மாட்டியிருக்கும் பெட்டி என் லேப்டாப்புக்கே அடையாளம் தெரியாதாம்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர் வீட்டில் இருக்கும்போது எந்த வயரும் நிம்மதியாக இருக்க முடியாது என்று உனக்குத் தெரியும். உன் அப்பா வந்தார், கேபிளை மோந்து பார்க்காத குறையாகப் பார்த்தார், 'முனை போச்சு' என்றார். நான் தடுப்பதற்குள் முனையை வெட்டிவிட்டார். உள்ளே முடி மாதிரி எட்டுக் கம்பி, எட்டு நிறம். புது முனை வாங்கி வந்து, எட்டையும் தன் மனதுக்குப் பிடித்த வரிசையில் செருகி நசுக்கினார். அதுவரை செருகுமிடத்தில் பச்சையாய் மினுக்கிக்கொண்டிருந்த விளக்கும் அணைந்தது. மஞ்சள் முக்கோணத்துக்குப் பதிலாக இப்போது சிவப்புப் பெருக்கல் குறி. மனிதர் அசரவில்லை. முனை வந்த அட்டையின் பின்னால் நிற வரிசை அச்சிட்டிருந்ததை மாலையில் கண்டுபிடித்து, மறுபடி வெட்டி, மறுபடி நசுக்கினார். விளக்கு எரிந்தது, முக்கோணம் திரும்பி வந்தது. அதாவது காலையில் எங்கே இருந்தோமோ அங்கேயே கொண்டுவந்து சேர்த்தார். அதற்கு என்னிடம் ஒரு டீ வேறு கேட்டு வாங்கிக் குடித்தார்.

புதன்கிழமை கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் தாளைப் பார்த்துப் படிக்கிற குரலில் அணைத்துப் போடச் சொன்னாள். மூன்று தரம் அணைத்துப் போட்டேன். நாலாவது தரம் சொன்னபோது, ஏம்மா, இது ரூட்டரா உரலா, இத்தனை தரம் குத்துறதுக்கு என்று கேட்டுவிட்டேன். எங்கள் பெட்டி நன்றாக இருக்கிறது, உங்கள் லேப்டாப்பில்தான் கோளாறு என்று வைத்துவிட்டாள். தெருமுனை ரிப்பேர் கடைக்காரரோ லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை, 'உள்ள போர்டு கருகியிருக்கும், குடுத்துட்டுப் போங்க, நாலு நாள் ஆகும்' என்றார். நாலு நாளில் தேர்வு முடிந்து மூன்று நாள் ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்து லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. அழவில்லை என்று எழுதலாம், ஆனால் உன் அப்பா சாட்சி சொல்லிவிடுவார்.

அப்போதுதான் உன் பெரியம்மா வந்தாள். துணி ஆலையில் முப்பது வருடம் மாதிரித் துணியோடு நெய்த துணியை வைத்து இழை இழையாகத் தவறு பிடித்தவள். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டாலும் பதில் காதில் விழாது என்பது வேறு விஷயம், கடைக்காரர் சொன்னதை உன் அப்பா காகிதத்தில் எழுதிக் காட்டியிருந்தார். உன் அப்பா சதுரங்கம் ஆடுகிற ஓட்டை லேப்டாப்பைத் தூக்கி வந்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். கேபிளைப் பிடுங்கி அதில் செருகினாள். அதில் இணைப்பு வந்தது. திரும்ப என்னுடையதில் செருகி, மினுக்கிய விளக்கைக் காட்டி, 'வெளக்கு எரியுது பாரு. கருகிப் போனது எப்படிடி கண்ணடிக்கும்' என்றாள். கம்பெனிக்கும் கடைக்காரருக்கும் தோன்றாதது. பிறகு, 'இதுல என்ன தெறக்கிறியோ அதையே அதுலயும் தெற' என்று உத்தரவு போட்டு, நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். உன் அப்பா ஒன்றைத் திறக்க, நான் ஒன்றைத் திறக்க, பெரியம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்க்க, ஒரு மணி நேரம் போனது. ஒரு இடத்தில் விரலை வைத்தாள். அவருடையதில் முகவரியைத் தானாகவே பெற்றுக்கொள் என்று இருந்தது. என்னுடையதில் யாரோ கையால் நம்பர் எழுதி வைத்திருந்தார்கள். புது ரூட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தோம். முகவரி என்பது புள்ளி வைத்துப் பிரித்த நாலு நம்பர், அதில் மூன்றாவது நம்பர் இதில் பூஜ்யம், என்னுடையதில் ஒன்று. பழைய ரூட்டரின் முகவரியை வைத்துக்கொண்டு என் லேப்டாப் புது ரூட்டரின் வாசலில் போய் நின்றிருக்கிறது, அது யாரோ என்று கதவைத் திறக்கவில்லை.

கையால் நம்பர் எழுதிய அந்த யாரோ யார் என்பது உனக்கு இப்போது உறைத்திருக்கும். முந்தின வருடம் லீவுக்கு வந்தபோது, ஸ்கேன் செய்த காகிதம் நேராக லேப்டாப்புக்கு வர வேண்டும் என்று நீ உட்கார்ந்து எதையோ மாற்றினாயே, 'இனி தொல்லையே இல்லம்மா' என்று கைதட்டி எழுந்தாயே. ஒரு ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கையே கட்டி மேய்க்கிறவள் பெற்ற தாயின் வீட்டில் ஒரு நம்பரை எழுதிவிட்டு ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்காமல் விமானம் ஏறியிருக்கிறாள். தானாகப் பெற்றுக்கொள் என்று மாற்றினோம். மூச்சு விடுவதற்குள் முக்கோணம் போய்விட்டது. 'வந்துடுச்சா' என்று பெரியம்மா கேட்டாள். தலையை வேகமாக ஆட்டினேன்.

வியாழக்கிழமை கேபிள் கூடத்துக்குக் குறுக்கே கிடந்ததால், யாரும் தடுக்கி விழக்கூடாது என்று உன் அப்பா அதன் மேல் நாற்காலி போட்டு ஐம்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா தன் அறையோடு இருந்துவிட்டதால் வீட்டில் நடமாடக்கூடிய ஒரே ஆள் அவர்தான், ஆகவே அந்த ஏற்பாடு கச்சிதமாக வேலை செய்தது. சாக்கடை பற்றி ஏதோ கூட்டத்தில் நடந்த சண்டையை ஓடவிட்டார்கள். கோர்ட்டில் கேட்காத சண்டையா, தட்டித் தள்ளினேன். ஆறாம் நாள் முடிவு வந்தது. தேறிவிட்டேன்.

போன ஞாயிறு உன் அப்பாவும் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரும் சாப்பாட்டு மேஜையில் வழக்கமான வாக்குவாதத்தில் இறங்கியபோது, லேப்டாப் திரையைப் பெரியம்மா பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவர்கள் பேசப் பேசத் தட்டினேன். இருமினால் 'இருமல்' என்றும் போட்டேன். முக்கால் மணி நேரம் கண்ணெடுக்காமல் படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, 'இத்தன வருஷமா என்னமோ பெருசா பேசிக்கிறீங்க, எனக்கு மட்டும் தெரியாம போகுதேன்னு மறுகிக்கிட்டு இருந்தேன். இவ்வளவுதானா' என்றாள். பல் டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். இந்தத் தடவை அவள்தான் முதலில் சிரித்தாள். நான் தட்டுவதை நிறுத்தியதும், 'ஏன் நிறுத்திட்ட, தட்டு' என்றாள்.

கண் டாக்டரிடம் போக மறக்காதே, திரையைப் பார்க்கிற வேலை. உடம்பும் மனசும் கெடாமல், மேலதிகாரிகள் புத்தியோடு அமைந்து, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இது கிடைத்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூப்பிடு, அப்போது 'பெரியம்மா எப்படி இருக்காங்க' என்று என்னிடம் கேட்காதே. அவளிடமே கேள். நான் தட்டுகிறேன். என்னைப் பற்றி ஏதாவது புறம் பேசுவதாக இருந்தால் மட்டும் நிதானமாகப் பேசு, அதையும் நான்தான் தட்டியாக வேண்டும்.

உன் மேல் கோபம் தீர்ந்த,
அம்மா