அக்காவோட ஷூவில் ஓட்டை

அக்கா,

நீ அசந்து தூங்குறே, எழுப்ப மனசு வரல. சூப் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக் குடி.

நேத்து என் சிநேகிதங்க முன்னாடி, ஹீட்டர் மேல சுருண்டு காய்ஞ்ச உன் சாக்ஸைத் தூக்கிக் காட்டி, "எங்க அக்கா வளர்க்கிற எலி"ன்னு கேலி பண்ணினேன். நீயும் சேர்ந்து சிரிச்சே. இன்னிக்குக் காலையில குப்பை கொட்டப் போறப்ப உன் ஷூவை நகர்த்தினேன். உள்ளேயிருந்து நனைஞ்ச அட்டைத் துண்டு விழுந்துச்சு. அடியில என் கட்டைவிரல் நுழையிற ஓட்டை! இதைப் போட்டுக்கிட்டா மீன் கிடங்கு ஐஸ் தரையில நாள் பூரா நிக்கிறே? கூனிக் குறுகிப் போயிட்டேன்க்கா. இனிமே நான் அப்படிப் பேசினா சிரிக்காதே, பளார்னு ஒண்ணு விடு.

ஷூவைத் தைக்கக் கொண்டுபோறேன். நீ என் பூட்ஸைப் போட்டுக்கோ. ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் ஒண்ணு மேல ஒண்ணா போட்டா அளவு சரியா இருக்கும். இன்னொரு ஜோடி உன் பையில வச்சிருக்கேன், ஈரமானா உடனே மாத்திடு. மரத்துப்போன காலைக் கொதிக்கிற தண்ணியில வைக்காதே, வெதுவெதுன்னு இருந்தாப் போதும்.

சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போ.

தம்பி

பி.கு.: "அவனுக்கு வேணுமே"ன்னு பூட்ஸை விட்டுட்டுப் போயிடாதே. நான் செருப்போட கிளம்பியாச்சு.