ஏழாம் லேத்தில் என் பெயர்

அன்புள்ள உம்மாவுக்கு,
அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மருதமுனையில் மழை பெய்ததா?

இங்கே பயிற்சி நிலையத்தில் லேத் மெஷினைத் துப்புரவாக்குமுன், வேறு யாரும் இயக்காதபடி சுவிட்ச் ஆளியில் நம் பெயரட்டையைக் கொழுவ வேண்டும். கொழுவியவர்தான் கழற்றலாம். ஏழாம் லேத்தில் ஓர் அட்டை இரண்டு வருடமாகத் தொங்கியது. அதைக் கொழுவியவள் கை நசுங்கி ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. அவள் பெயரும் ஹிமாயா.

நாளைய சான்றிதழ்ப் பரீட்சைக்கு எனக்கு அந்த லேத்தான் கிடைத்தது. பயிற்றுநர் கதிர்காமன் சேர் நேற்றுச் சிரித்தார்: "உங்கட பேர்தானே மகள், நீங்களே கழட்டுங்க. சட்டமும் பிழையாகாது."

கழற்றிக் குப்பையில் போட்டேன். லேத் நன்றாகவே ஓடியது.

இன்று காலை அதே பெயரோடு புதிய அட்டை ஒன்று தொங்கியது. யாரோ பகிடி விட்டிருப்பார்கள், பயப்படாதீர்கள். ஆனால் கையெழுத்து என்னுடையது. சேர் இம்முறை சிரிக்கவில்லை. "நீங்க கொழுவினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான் கழற்றவில்லை; நாளைய பரீட்சையையும் விட்டுவிட்டேன். அடுத்த பரீட்சைக்கு மூன்று மாதமாகும். நோன்புக்கு வர முடியாது, மன்னியுங்கள்.

என் பிறப்புச் சான்றிதழின் பிரதியை உடனே அனுப்புங்கள். இனி பெயரட்டை முதல் எல்லாவற்றிலும் வாப்பாவின் பெயரும் சேர்ந்தே வரட்டும். துஆவிலும் அப்படியே சொல்லுங்கள். வேலைக்கு மணி அடிக்கிறது.

உங்கள் மகள்,
ஜவுபர் ஹிமாயா