தொண்டைமானாற்றுத் தட்டைச் சிலந்தி

போன கிழமை மானிப்பாயில் பல்லுக் காட்டப் போயிருந்தேன். பல் வைத்தியர் பஞ்சில் கராம்பு எண்ணெயை நனைத்து ஈறில் வைத்து அமத்தினார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நோகுதோ ரீச்சர்?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்வது? என் சிநேகிதி ஒருத்தி இதே எண்ணெயில் சிலந்தியின் உறுப்பை ஊறவைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தவள், அவளுடைய ஞாபகம் வந்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துவைத்துக்கொண்டு, சாப்பிட முடியாமல், உன்னோடு கதைத்துக்கொண்டிருந்தேன். கதைத்தேன் என்றா சொன்னேன்? ஏசினேன். நீ உயிரோடு இருந்தபோது ஏச வேண்டியதை எல்லாம் இப்போதுதான் ஏசுகிறேன். அதில் பாதியையாவது எழுதிவைத்தால் மற்றப் பாதி அடங்குமோ என்று பார்க்கிறேன்.

தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போன அந்த வெள்ளிக்கிழமை உனக்கு மறந்திருக்காது. நேர்த்தி என்னுடையது. நீ வேதக்காரி, குருநகர் மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவள். ஆனாலும் வந்தாய். "உங்கடை முருகன் சோறு போட்டால் நான் வேண்டாமெண்டு சொல்லுவனோ?" என்றாய். அன்னதானம் முடிந்து, கை கழுவிய ஈரம் காயமுதல், ஏரிக்கரையில் நின்ற மருதமரத்தடிக்குப் போய்விட்டாய். நான் விபூதிப் பூச்சோடு உன் கைப்பையைக் காவிக்கொண்டு பின்னால் வந்தேன். மரத்தில் பட்டை செதில் செதிலாகக் கழன்றுகொண்டிருந்தது. ஒரு செதிலை நீ மெல்லக் கிளப்பினாய்.

"எடியே, இஞ்சை பார்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறப் பட்டைக்கு அடியில் சாம்பல் நிற மரம், அவ்வளவுதான். நீ விரலால் காட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. அயன் பண்ணி ஒட்டிவிட்டதுபோல ஒரு சிலந்தி. முன்கால்கள் இரண்டு சோடியும் நீளமாக, பக்கவாட்டில் விரிந்து கிடந்தன. மூச்சு விட்டால் பறந்துவிடும் கடதாசித் துண்டுபோல இருந்த அது, நீ ஊதியபோது நண்டுபோலப் பக்கமாக ஓடியது. போத்தலின் வாயை அது ஓடிய பக்கத்தில் வைத்திருந்தாய். அது எந்தப் பக்கம் ஓடும் என்று உனக்கு முன்னமே தெரிந்திருந்தது.

உன் வீட்டில் இதைச் சொன்னபோது உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வலையில் பட்ட நண்டுகளைக் கழற்றிக்கொண்டே, "நாங்கள் கடல் நண்டு பிடிச்சு உன்னைப் படிப்பிச்சம். நீ படிச்சுப்போட்டு மரத்திலை நண்டு பிடிக்கிறாய்" என்றார். "விலை போகுமே பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். நானும் சிரித்தேன். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

நீ அப்போது தனியார் ரியூட்டரி ஒன்றில் உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தாய். பட்டம் இருவருக்கும் ஒன்றுதான். எனக்குப் பாடசாலையில் வேலை கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை. மேற்படிப்புப் படிக்க வேண்டும், சிலந்திகளைப் பற்றித்தான் படிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் உன் ஆசை. நுணுக்குக்காட்டி எங்கள் பாடசாலையில் இருந்தது. அதிபரிடம் கேட்டு, பிள்ளைகள் போன பிறகு பின்னேரங்களில் உனக்கு ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்டேன்.

அந்தப் பின்னேரங்களில்தான் நான் சிலந்தியைப் பார்க்கப் பழகினேன். படிப்பிக்கத் தெரியுமே தவிர, எனக்குப் பார்க்கத் தெரியாது. "கண்ணிலை தொடங்கு" என்பாய். எட்டுக் கண்கள், இரண்டு வளைந்த வரிசை. ஓரக் கண்கள் சின்ன மேடுகளின்மேல் ஏறி இருக்கும். இது நண்டுச் சிலந்திக் குடும்பம் என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும். பிறகு தலையும் நெஞ்சும் சேர்ந்த ஓட்டின் தட்டை, முன்கால் முட்களின் ஒழுங்கு, வயிற்றின் அகலம். "இதெல்லாம் சொந்தக்காரர் ஆரெண்டு சொல்லும். ஆளை ஆரெண்டு சொல்லாது" என்றாய். ஆளைச் சொல்வது வேறு. பெண்ணுக்கு வயிற்றின் அடியில் இருக்கும் சின்னத் தகடு, ஆணுக்கு வாயின் இரு பக்கமும் கைபோல நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்பின் நுனி. இனத்துக்கு இனம் அந்த இரண்டும்தான் மாறும். பூட்டும் சாவியும்போல. அந்தத் தகட்டை வெட்டி எடுத்து, கராம்பு எண்ணெயில் ஊறவைத்து, அது கண்ணாடிபோலத் தெளிந்த பிறகு உள்ளே சுருண்டிருந்த குழாய்களை எனக்குக் காட்டினாய். அப்படிச் சுருள்கிற ஒன்றை நீ பார்த்த எந்தக் கட்டுரையிலும் காணவில்லை என்றாய்.

ஆனால் ஆண் வேண்டும். பூட்டு மட்டும் இருந்தால் போதாது.

ஆணைத் தேடி எத்தனை தரம் தொண்டைமானாற்றுக்குப் பஸ் ஏறினோம்! மாரியில் பட்டை ஊறிக் கிடக்கும், கோடையில் தொட்டாலே உதிரும். கடைசியில் ஒரு நாள் முதிராத ஆண் ஒன்று அகப்பட்டது. குறடு பட்டு அதன் இடப்பக்க இரண்டாம் கால் முறிந்துவிட்டது. நீ அழாத குறை. "வாயில்லாச் சீவனின்ரை காலை முறிச்சுப்போட்டன்" என்று பஸ் முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தாய். அதை ஜாம் போத்தலில் விட்டு, வாழைப்பழத் தோலில் மொய்த்த சின்ன ஈக்களைப் பிடித்துப் போட்டு வளர்த்தாய். அது தோல் கழற்றியபோது முறிந்த கால் திரும்ப முளைத்தது. கட்டையாக, வெளிறி, மற்றக் கால்களோடு சேராத கால். கடைசித் தோலும் கழன்ற அன்று நான் உன் வீட்டில்தான் இருந்தேன். உணர்கொம்பின் நுனி முன்னர் வெறும் வீக்கமாக இருந்தது. இப்போது கறுத்து, முறுகி, கொக்கியும் சுருளுமாக இருந்தது.

"முத்தின ஆணடி! முத்தின ஆண்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். தையல் மெசினுக்கு முன்னால் இருந்த உன் அம்மா, யாருக்கோ கலியாணம் பொருந்திவிட்டது என்று நினைத்து எழுந்து வந்தார்.

அந்தச் சந்தோசத்தோடு நின்றிருக்கலாம். கொழும்பில் பேராசிரியராக இருந்த அந்தப் பெரியவரைப் பற்றி உனக்கு யார் சொன்னார்களோ தெரியாது. சிலந்திகளில் பெரிய ஆள் என்றார்கள். நீ எழுதினாய், அவர் உடனே பதில் போட்டார். மாதிரிகளைக் கொண்டுவாரும், ஆய்வு மாணவியாக எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். நீ போத்தல்களைத் துணியில் சுற்றி, நீ கீறிய படங்களையும் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனாய். நல்ல சேலை கட்டியிருந்தாய். எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, "நல்ல மனிசனடி, தேத்தண்ணி தந்தவர்" என்றாய்.

மாதக்கணக்காகப் பதில் இல்லை. பிறகு ஒரு நாள் அவரே தொலைபேசியில் கதைத்தார். அந்த ஆண் முதிரவில்லையாம். பெண், இந்தியாவில் ஏற்கெனவே பெயர் வைத்த இனமாம். புதிதாக ஒன்றும் இல்லையாம். இந்த அடிப்படையில் மேற்படிப்புக்கு எடுப்பது கடினமாம்.

முதிரவில்லையா? தோல் கழற்றியதை நாங்கள் இருவரும் கண்ணால் பார்த்தோமே!

"மாதிரியளைத் திருப்பிக் கேள்" என்றேன். "உன்ரை படங்களையாவது கேள்."

"விடடி. அவர் எவ்வளவு படிச்சவர். நான்தான் பிழையாப் பாத்திருப்பன்."

"நீ பிழையாப் பாக்கேல்லை. நானும் பாத்தனான்."

"பெரிய ஆக்களோடை கொழுவி என்ன காணப்போறம்?" என்று சொல்லி ரியூட்டரிப் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தத் தொடங்கினாய். அன்றைக்கு உன் கையில் இருந்த தாளைப் பறித்துக் கிழித்திருப்பேன். ஒரு சிலந்தியின் கால் முறிந்ததற்குப் பஸ் முழுக்கப் புலம்பியவள், தன்னை முறித்தவரிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு எங்கள் ஆய்வுகூடத்துக்கு நீ வரவேயில்லை. மரங்களைக் கடந்து போகும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாய்.

மார்பில் கட்டி வந்ததையும் அப்படித்தான் வைத்திருந்தாய். எனக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. சட்டையில் கசிவு தெரிந்த பிறகுதான் அம்மா இழுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "டொக்டர்மாரைக் கரைச்சல்படுத்தக் கூடாதெண்டு இருந்தன்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

நீ போன பிறகு அந்தக் கொழும்புப் பெரியவரின் கட்டுரை வந்தது. எங்களோடு படித்த ஒருத்தி, கனடாவிலிருந்து, இது உங்கள் ஊர்ச் சிலந்தியாமே என்று அனுப்பியிருந்தாள். புதிய இனம். ஆணும் பெண்ணும் முழு விவரத்தோடு. இடம், தொண்டைமானாறு, மரப்பட்டையின் அடி. சேகரித்தவர், அவரே. ஆணின் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். இடப்பக்க இரண்டாம் கால் கட்டையாக, வெளிறி, மற்றக் கால்களோடு சேராமல் நின்றது. உன் பெயரைத் தேடினேன். நன்றி சொன்ன பகுதியில் சாரதியின் பெயர்கூட இருந்தது. உன்னுடையது இல்லை. சிலந்திக்குத் தன் பேத்தியின் பெயரை வைத்திருந்தார். விலங்குகளுக்கு ஒழுங்காக வைத்த முதற்பெயர்தான் நிலைக்கும் என்று நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய். யாரோ ஒரு குழந்தையின் பெயர் அதற்கு இனி உலகம் உள்ளவரைக்கும்.

நான் உன்னைப்போல இல்லை. அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சேர், படத்திலை இருக்கிற ஆணின்ரை ஒரு கால் ஏன் கட்டையா இருக்கு?"

"அதோ? இயற்கையிலை வாற குறைபாடு அம்மா."

"இயற்கை இல்லை சேர். குறடு பட்டு முறிஞ்சது. முறியேக்கை நான் பக்கத்திலை நிண்டனான்."

பல பேர் பல மாதிரிகளைக் கொண்டுவந்து தருவார்கள், எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்க ஏலாது என்றார். உங்கள் சிநேகிதியையே கதைக்கச் சொல்லுங்கோ என்றார்.

"அவ செத்துப் போனா சேர்."

"ஐயோ, தெரியாதே. நல்ல பிள்ளை." குரல் இளகியது. இளகிய அதே குரலில் கேட்டார். "அப்ப நீங்கள் கூடப் போனனீங்கள்தானே? அது என்ன மரமெண்டு ஞாபகம் இருக்கோ? எங்களுக்கு இன்னும் கொஞ்ச மாதிரி தேவைப்படுது."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

கட்டுரை வந்த சஞ்சிகைக்கும் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. இப்படியான பிணக்கைப் பாதிக்கப்பட்டவர் தாமே முறையிட வேண்டுமாம்.

உன் அம்மாவிடம் சொல்லாமல் விட நினைத்தேன். முடியவில்லை. குருநகருக்குப் போய், கைபேசியில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"உது எங்கடை வீட்டு ஜாம் போத்தல்லை இருந்தது."

"ஓம் அம்மா."

"உவருக்கு அதைக் குடுத்திட்டு வந்து அண்டைக்கு எவ்வளவு சந்தோசமாச் சாப்பிட்டவள். ரெண்டாந்தரமும் சோறு வாங்கினவள் பிள்ளை." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "ஏன் பிள்ளை, கேட்டிருந்தால் குடுத்திருப்பாள்தானே? களவெடுக்கத் தேவையில்லையே?"

அது உண்மை. அவர் தன் பெயரையும் உன் பெயரோடு போடலாமா என்று கேட்டிருந்தால், நீ நன்றி சொல்லிக் கொடுத்திருப்பாய்.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு அம்மாவோடு சேமக்காலைக்கு, உன் கல்லறையடிக்கு, வந்தேன். மழை பெய்து நிலம் சேறாக இருந்தது. அம்மா மெழுகுதிரியைக் கொளுத்திச் செபம் சொன்னார். எனக்குச் செபம் தெரியாது, தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்த கல்லறையடியில் நின்ற பெண், "இவ உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டாள். முறை ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப அழாதேங்கோ, அவ கடவுளிட்டை நிம்மதியா இருப்பா. மனம் ஆறும்" என்று என் தோளைத் தடவினாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். நான் அழவில்லை என்பது அவளுக்கு விளங்கவில்லை.

எனக்கு ஆற வேண்டாம். அந்த மனிதர்மேலும் கோபம், அதைவிட உன்மேல் கோபம். பாடசாலைக்குப் போகிறேன், படிப்பிக்கிறேன், சந்தைக்குப் போகிறேன், எல்லா இடத்துக்கும் அதைக் காவிக்கொண்டுதான் போகிறேன். உன் அம்மா செபிக்கிறார், உன் அப்பா கடலோடு இருக்கிறார், நீ எல்லோரையும் மன்னித்துவிட்டுப் படுத்துவிட்டாய். இதுவும் ஆறிவிட்டால், உனக்காகக் கோபப்பட இந்த உலகத்தில் வேறு ஒருவரும் இல்லையடி.